கேட்காமல் வந்த விடுமுறை

ஞாயிற்றுக்கிழமையால் கதாசிரியனுக்குப் பெரிய பிரயோஜனம் கிடையாது. அது வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் ஸ்நானம், நிதானமான சாப்பாடு, பிற்பகல் தூக்கம், சாயங்காலம் ஒரு சினிமா என்று அதற்கும் ஓர் அட்டவணை போட்டு வைத்திருக்கிறோம். தீபாவளியும் பொங்கலும் இன்னும் மோசம். ஒரு மாதத்துக்கு முன்பே கடன் வாங்கச் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. கதாசிரியனுக்கு உதவுகிற விடுமுறை வேறு. விடிய விடிய மழை கொட்டுகிறது. காலையில் பார்த்தால் கலெக்டர் உத்தரவு, பள்ளிக்கூடம் கிடையாது. அல்லது சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனால், பஸ் ஓடவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகு, அன்றைய பொழுதை என்ன செய்வது என்று அந்த மனிதனுக்கே தெரியாது. அவனுக்கே தெரியாத அந்த இடத்தில்தான் கதை வந்து உட்கார்ந்துகொள்ளுகிறது.

ஆகவே, இந்த விஷயத்தை வைத்து எழுதப்பட்ட கதைகளுக்குக் குறைவே இல்லை. பத்திரிகைகளில் எத்தனையோ படித்திருக்கிறேன். படிக்கும்போது இனிமையாகத்தான் இருந்தன. ஆனால் மறுவாரம் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. நாலைந்து கதைகள் மட்டும் வருஷக்கணக்கில் மனத்தை விட்டுப் போக மறுக்கின்றன. இவற்றுக்கும் அவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஓர் உரைகல் அகப்பட்டது. அதை வாசகர்களுக்கும் காட்டலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உரைகல் சாதாரணமானது. விடுமுறை கிடைத்தது யாருக்கு என்று எல்லாக் கதைகளும் சொல்லிவிடும். அந்த விடுமுறைக்கு விலை கொடுத்தது யார் என்பது கதாசிரியனுக்குத் தெரிந்திருக்கிறதா? தெரிந்திருந்தால் கதை நிற்கிறது. தெரியாவிட்டால், அல்லது தெரிந்தும் மறைத்தால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் மழைவிட்ட தெருப்போலக் கொஞ்ச நேரத்தில் உலர்ந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம் அல்ல, கடையநல்லூர். தென்காசிக்கு வடக்கே, மதுரைச் சாலையில், மேற்குமலையின் நிழல் விழுகிற ஊர். தறி ஊர் என்று பெயரெடுத்த ஊர். இப்போது தறிகள் குறைந்துவிட்டன. பல வருஷங்களுக்கு முன்னால், தெருவில் நடந்தாலே இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்ட காலத்தில், ஒரு கார்த்திகை மாதத்து அடைமழையில் அங்கே அகப்பட்டுக்கொண்டேன். நெசவாளர் ஒருவர், "உள்ள வாங்க தம்பி, நனையாதீங்க" என்று தம் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

குழித்தறி என்றால் நெய்கிறவர் தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு மிதியை மிதித்து நெய்ய வேண்டும். அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டது. பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெரு நீளத்துக்கு விரித்துக் காயவைக்கவும் வழியில்லை, வெயில் வேண்டும். நூல் ஈரத்தில் ஊதிப் போய் அறுந்துகொண்டே இருக்கிறது. ஆக, தறி நின்றுபோயிற்று. நெய்தால்தான் கூலி, நெய்யாத நாளுக்குக் கூலி இல்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய பையன் புத்தகப் பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, "அத்தா, பள்ளிக்கூடம் லீவு!" என்று கூவியபடி ஓடி வந்தான். தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையை அவன் கையில் கொடுத்தார். அவன் குழிக்குள் குதித்துத் தண்ணீரை அள்ளி வாசலில் வீச ஆரம்பித்தான். அவனுக்கு அது விளையாட்டு. ஒவ்வொரு சிரட்டைக்கும் சிரித்தான். அவருக்கு அது நாலு நாள் கூலி.

இரண்டும் உண்மை என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்லுகிறேன். பையனுடைய சந்தோஷத்தைப் பொய் என்று தள்ள முடியாது. தகப்பனாரின் மௌனத்தையும் தள்ள முடியாது. ஒரே மழை, ஒரே குழி. இதில் பாதியை மட்டும் எழுதுகிறவன் அரைக் கதைதான் எழுதுகிறான்.

இந்த வட்டாரத்திலேயே பழைய இலக்கியம் ஒன்று இருக்கிறது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சி. மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதற்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். அதில் குற்றாலநாதர் பவனி வருகிறபோது தெருப் பெண்களெல்லாம் செய்கிற காரியத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். ஒரு கைக்கு வளையல் போட்டவள் மறுகையை மறந்துவிடுகிறாள். ஒரு கண்ணுக்கு மை தீட்டியவள் மறு கண்ணை மறந்துவிடுகிறாள். ஊர் முழுவதற்கும் ஒரே கணத்தில் விடுமுறை. இதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கவிராயரைக் கேட்டால், அவர் சிரித்துக்கொண்டு வசந்தவல்லியைக் காட்டுவார். பந்தடித்து விளையாடிக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் அன்றைய பவனிக்கு விலை கொடுத்தவள். அவளுக்கு அதற்குப் பிறகு உறக்கம் இல்லை. அவளுடைய தாபத்தை மட்டும் பாடி நிறுத்தியிருந்தால் அது நூறு உலாக்களில் ஓர் உலாவாகப் போயிருக்கும். கவிராயர் நிறுத்தவில்லை. குறி சொல்லிப் பிழைக்கிற சிங்கியையும், பறவை பிடித்துப் பிழைக்கிற சிங்கனையும் அதே தெருவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். பவனி பார்த்து மயங்கியவர்களுக்குப் பக்கத்திலேயே தொழில் செய்கிறவர்கள். அந்த நூல் இன்றும் புதிதாக இருப்பதற்கு அருவியும் மந்தியும் மட்டும் காரணம் அல்ல என்பது என் எண்ணம்.

அதே மேலகரத்துப் பெயரைத் தாங்கிக்கொண்டு சுமார் 200 வருஷங்களுக்குப் பிறகு இன்னொருவர் வருகிறார். புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளையைத்தான் சொல்லுகிறேன். 1943-இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை விடுமுறைக் கதை என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சென்னையில் வைத்தியப் பத்திரிகை நடத்தும் ஒருவர், கையிலிருக்கும் சில்லறைக்கு வெற்றிலையா டிராமா என்று தெருவோரத்தில் நின்று கணக்குப் போடுகிறார். அது அவருடைய தினசரிக் கவலை. அந்தக் கவலைக்கு நடுவில் கடவுள் வந்து வழி கேட்கிறார். அன்றைய ஒழுங்கு முழுவதும் கவிழ்ந்துபோகிறது. காப்பி, ரிக்ஷா, வீடு, குழந்தையோடு விளையாட்டு என்று பொழுது வேறு தடத்தில் ஓடுகிறது.

சாதாரணக் கதாசிரியன் என்ன செய்திருப்பான்? கடவுளைக் கொண்டு கந்தசாமிப் பிள்ளைக்கு ஒரு மாளிகை கட்டிக்கொடுத்திருப்பான்; அல்லது கடைசியில் விழித்துப் பார்த்தால் கனவு என்றிருப்பான். புதுமைப்பித்தன் கணக்கை மறக்கவில்லை. சில்லறைக் கணக்கில் ஆரம்பித்த கதை வரவுக் கணக்கில் முடிகிறது. கடவுள் ஜீவிய சந்தா கட்டிவிட்டுப் போகிறார். பிள்ளையவர்கள் அதை முறையாகப் பதிந்துகொள்ளுகிறார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கடவுளே வந்தாலும் ஏழைப் பத்திரிகைக்காரனுக்கு முழுநாள் விடுமுறை கிடைக்காது, சந்தா சேர்க்கிற உத்தியோகம் நிற்காது என்று அந்தச் சிரிப்புக்குள் சொல்லிவிட்டார். அவருக்கு விலை தெரியும்.

விலை என்றால் ரூபாய் அணா பைசா மட்டும்தானா என்று கேட்கலாம். இல்லை. ஆர். கே. நாராயண் இங்கிலீஷில் எழுதிய ஒரு சிறுகதை 'மால்குடி டேஸ்' தொகுப்பில் இருக்கிறது. அதில் கூலிப் பிரச்னையே கிடையாது. திங்கட்கிழமை காலையில் சுவாமி என்ற பையன் தலைவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம்போடப் பார்க்கிறான். தகப்பனார் விடுவதாயில்லை. வகுப்பில் சாமுவேல் வாத்தியார் அடிப்பார் என்று அவன் ஒரு புளுகை அவிழ்த்துவிடுகிறான். தகப்பனார் உடனே ஹெட்மாஸ்டருக்கு ஒரு காரசாரமான கடிதம் எழுதி அவன் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுகிறார். இப்போது பையனுடைய கதி என்ன? கடிதத்தை நிஜமாக்க வேண்டும். அதற்காகவாவது சாமுவேலிடம் அடிவாங்க வேண்டும். குறும்பு செய்து அடியும் வாங்குகிறான். பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனால், ஹெட்மாஸ்டர் லீவில் போய்விட்டார்!

லீவு கேட்டவனுக்குக் கிடைக்கவில்லை. கேட்டதாகக் கதையில் தெரியாத மனிதருக்குக் கிடைத்துவிட்டது. எவ்வளவு சின்ன விஷயம், எத்தனை நேர்த்தியான தராசு! பையன் கொடுத்த விலை பயமும் பிரம்படியும். அதோடு ஒரு நல்ல மனிதரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டோமே என்ற உறுத்தல். நாராயணின் முதல் நாவலான 'சுவாமி அண்ட் பிரெண்ட்ஸ்' 1935-இல் வந்தது. அதிலும் இதே பையன் 1930 ஆகஸ்டில் ஒரு ஹர்த்தால் நாளில் கூட்டத்தோடு சேர்ந்து கல்லெறிகிறான். அன்று பள்ளிக்கூடம் நடக்கவில்லை, குஷிதான். ஆனால் அந்த ஒருநாள் குஷிக்காக அந்தப் பள்ளிக்கூடத்தையே இழக்கிறான். நாராயண் மென்மையான எழுத்தாளர் என்று சொல்லுகிறார்கள். மென்மையானவர்தான், ஆனால் பாக்கியைத் தள்ளுபடி செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

இதில் சிகரம் தாகூர். அவருடைய ஒரு சிறுகதைக்கு வங்காளியில் 'விடுமுறை' என்றே பெயர், 1892-ஐச் சேர்ந்தது. கிராமத்தில் அடங்காமல் திரிந்த பட்டிக் என்ற சிறுவனை மாமா கல்கத்தாவுக்குப் படிக்க அழைத்துப் போகிறார். அங்கே மாமிக்கு அவன் பாரம். பள்ளிக்கூடத்தில் அவன் மக்கு. வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்கிறான். லீவு வரட்டும் என்கிறார் மாமா. பூஜை விடுமுறை வர இன்னும் நாள் இருக்கிறது. பையன் மழையில் கிளம்பிவிடுகிறான். காய்ச்சலோடு கொண்டுவந்து படுக்கவைக்கிறார்கள். தாயார் வந்து சேர்கிறபோது அவனுக்கு விடுமுறை வந்துவிடுகிறது. எந்த விடுமுறை என்பதைத் தாகூர் நமக்கு விளக்குவதில்லை, அவசியமும் இல்லை. விடுமுறை என்ற சொல்லுக்கு ஒரு குழந்தை கொடுத்த விலையை அதற்கு மேல் யாரும் எழுத முடியாது. அந்தக் கதையைப் படித்தபிறகு, பள்ளிக்கூட வாசலில் லீவு அறிவிப்பைப் பார்த்துக் கும்மாளமிடும் குழந்தைகளைக் கண்டால் எனக்கு ஒரு கணம் தொண்டை அடைக்கிறது.

மறுபடி தறிக்கு வருகிறேன். 1952 வாக்கில் தமிழ்நாட்டுக் கைத்தறிக்கு வந்த நெருக்கடி பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம், மற்றவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நெய்த துணி விலைபோகாமல் தேங்கிற்று. தறிகள் நின்றன. நெசவாளர் குடும்பங்களுக்குக் கஞ்சித் தொட்டி வைக்க நேர்ந்தது. 1953 ஜனவரியில் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு விற்றார். அந்த வருஷமே தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' நாவல் வெளிவந்தது. தென்காசிக்குத் தெற்கே அம்பாசமுத்திரத்தைக் களமாகக் கொண்ட கதை. பிற்பாடு செக் மொழிக்கும் போயிற்று. அதில் பிரசாரம் இருக்கிறது என்று குறைகூறுகிறவர்கள் உண்டு. சில பக்கங்களில் மேடைக் குரல் கேட்கத்தான் செய்கிறது. பாத்திரங்கள் பேச வேண்டியதை ஆசிரியரே பேசிவிடுகிறார். இருந்தாலும் அந்த நாவலை என்னால் ஒதுக்க முடியவில்லை. வேலை நின்றுபோன நாள் என்பது ஒரு மனிதனுக்கு எப்படிப்பட்டது என்று அதற்கு முன்னால் தமிழ் நாவல் இவ்வளவு அருகில் போய்ப் பார்த்ததில்லை. நம் அகராதியில் ஓய்வு என்றும் விடுமுறை என்றும் சொற்கள் இருக்கின்றன. கையும் காலும் திடமாக இருந்தும் சும்மா உட்கார்ந்திருக்க நேர்ந்த அந்த நெசவாளர்களின் நாளுக்கு இந்த இரண்டு சொற்களுமே பொருந்தவில்லை. ரகுநாதன் அதற்கு ஒரு நாவலைச் செலவிட்டார்.

இதெல்லாம் பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020 மார்ச் 25 அன்று தேசம் முழுவதற்கும் கேட்காமல் ஒரு விடுமுறை வந்தது. முதலில் 21 நாள் என்றார்கள், நீண்டுகொண்டே போயிற்று. அந்த நாட்களில் எழுதப்பட்ட கட்டுரைகளையும் கதைகளையும் நான் ஆவலோடு படித்தேன். வெகுநாளாகப் படிக்காத புத்தகங்களைத் தூசு தட்டியது, மாடியில் குருவி வந்தது, புதிதாகச் சமையல் கற்றுக்கொண்டது என்று பலர் எழுதினார்கள். பொய் என்று சொல்லமாட்டேன். மாடியில் குருவி வந்துதான் இருக்கும். ஆனால் அதே நாட்களில் வேலையும் கூலியும் போன லட்சக்கணக்கானவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, நெடுஞ்சாலைகளில் சொந்த ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எழுத்தில் வராமல் போனது கூடப் பரவாயில்லை. அவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைவே அந்த வாக்கியங்களில் விழவில்லை என்பதுதான் என் புகார்.

மாறாக, 2023 டிசம்பர் 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி நான்கு ஜில்லாக்களுக்கும் மழையால் விடுமுறை விட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பிரயாணிகள் நாலாபக்கமும் வெள்ளத்துக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். தங்கள் வீடும் வயலும் நனைந்துகொண்டிருக்கிற நாளில், யாருக்கும் வேலை இல்லாத நாளில், அவர்களுக்கு மட்டும் வேலை வந்தது. கதாசிரியன் கண்ணுள்ளவனாக இருந்தால் அந்த அடுப்புப் பக்கம் போய் நின்றிருப்பான்.

அடுப்பு என்றதும் நம் பத்திரிகைக் கதைகளின் பெரிய குறை ஞாபகம் வருகிறது. மழைநாள் விடுமுறைக் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் ஆபீஸ் போகவில்லை. ஜன்னலோரம் நாற்காலி, கையில் பத்திரிகை, வெளியே தூறல். இவ்வளவு நாள் கவனிக்காத மனைவியின் அழகு அன்று அவன் கண்ணில் படுகிறது. உள்ளேயிருந்து வாழைக்காய் பஜ்ஜி வருகிறது. இரண்டாவது டிகிரி காப்பி வருகிறது. இருவரும் பழைய நாட்களை நினைத்துக்கொள்ளுகிறார்கள். மழை விடுகிறது, கதை முடிகிறது. ரொம்ப அழகு. அந்தப் பஜ்ஜி எங்கிருந்து வந்தது? கணவனும் மூன்று குழந்தைகளும் வீட்டில் இருக்கிற நாளில் அந்த அம்மாளுக்கு வேலை இரட்டிப்பு. ஈரத்துணி கொடியில் காயவில்லை. பாத்திரம் துலக்குகிறவள் மழையால் வரவில்லை. வராதவளுக்கும் அன்றைக்குச் சம்பளம் உண்டா என்பது தெரியாது. எல்லோருக்கும் விடுமுறை கிடைத்ததே அந்த அம்மாளின் செலவில்தான். இது தெரியாத கதாசிரியன் எழுதுகிற காதல் காட்சியில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

"கதை என்ன கடைக் கணக்கா? ஒவ்வொரு சந்தோஷத்துக்கும் ரசீது கேட்டால் மனிதன் எதைத்தான் ரசிப்பது?" என்று ஒரு நண்பர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்வி. நான் ரசீது கேட்கவில்லை. சந்தோஷத்தை எழுதாதே என்றும் சொல்லவில்லை. எதிர்பாராத விடுமுறையைப் போல மனிதனை மலரச் செய்வது எதுவும் இல்லை; அதை எழுதாத இலக்கியம் வறண்ட இலக்கியம். குற்றாலத்தில் வெள்ளம் அதிகமாகி அருவியில் குளிக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டால், வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் பார்த்திருக்கிறீர்களா? சற்று நேரம் முணுமுணுத்துவிட்டுத் தூரத்தில் நின்று அருவியைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். குளிக்க வந்தவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்ளுகிறார்கள். அது ஒரு பாக்கியம். அந்தச் சமயத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைக்கிறவர் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அருவியின் அழகு குறைந்துபோகாது. பார்க்கிறவன் கண் கொஞ்சம் அகலமாகும். ஒரு வரி போதும்.

நண்பர் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவருக்குப் பிடித்த கதைகளை எண்ணச் சொன்னபோது கந்தசாமிப் பிள்ளையையும் சுவாமியையும்தான் சொன்னார். பஜ்ஜிக் கதைகளில் ஒன்றின் தலைப்புக்கூட அவருக்கு வாயில் வரவில்லை.

கடையநல்லூரைப் பற்றி எழுதவேண்டிய கதை இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த ஊரிலிருந்து பலர் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். 1941-இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1946-இல் தங்கள் பிள்ளைகளும் மற்றத் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்க உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியையும் ஏற்படுத்தினார்கள். கடல் கடந்து போன இடத்தில் ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் என்றாவது ஒருநாள் மழைக்காக லீவு விட்டிருப்பார்கள். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். அன்றைக்கு அவர்களுடைய அத்தாமார் எங்கே வேலைக்குப் போயிருந்தார்கள், அம்மாமார் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள், ஊரில் விட்டுவந்த தறி யாருடைய கையில் இருந்தது என்று தெரிந்தவர்கள் யாராவது எழுதினால், அதைப் படிக்க நான் என் வேலையைப் போட்டுவிட்டு ஒருநாள் முழுவதும் உட்காரத் தயார்.